ஸ்கேன் நார்மல், ஆனா ஆள் நார்மல் இல்ல! தலைக்காயத்துக்கு இழப்பீடு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், போத்தனூர்ல இருக்கிற என் ஆபீஸுக்கு ஒரு தம்பியும் அவங்க அம்மாவும் வந்தாங்க. தம்பிக்கு 27 வயசு. மலுமிச்சம்பட்டி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில அக்கவுன்ட்ஸ் வேலை, மாசம் 30,000 ரூபாய் சம்பளம். கேட்க வந்த கேள்வி சிம்பிள். "அண்ணா, வேலையை விடப் போறேன். பி.எஃப். பணத்தை எடுத்தா டேக்ஸ் வருமா?"

ஏன் விடறீங்கன்னு கேட்டேன். தம்பி தரையைப் பார்த்துட்டு உக்காந்திருந்தார். அம்மாதான் பேசினாங்க.

"பத்து மாசத்துக்கு முன்னாடி செட்டிபாளையம் ரோட்டுல ஒரு குட்டியானை வண்டிக்காரன் இடிச்சுட்டானுங்க தம்பி. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க. ஆனா இவன் பழைய பையன் இல்லீங்க. அடுப்புல குழம்பு தீஞ்சாக்கூட வாசனை தெரியல. எதுக்கெடுத்தாலும் கோவம். ஆபீஸ்ல ஒரே பில்லை ரெண்டு தடவை ஏத்திட்டான்னு மூணு தடவை மெயில் வந்துருச்சு."

கேஸ் போட்டிருக்காங்களான்னு கேட்டேன். போட்டிருக்காங்க. இன்சூரன்ஸ் கம்பெனி லோக் அதாலத்துல 1.75 லட்சம் தர்றதா சொல்லியிருக்கு. அடுத்த வாரம் கையெழுத்து.

அன்னைக்கு பி.எஃப். கணக்கை ஓரமா வெச்சுட்டு, ஒரு வெள்ளைப் பேப்பர்ல வேற ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு. நான் வக்கீல் இல்ல, டாக்டரும் இல்ல. ஆனா வருமானம், ஆவணம், பெருக்கல் இந்த மூணும் எங்க தொழில். விபத்து இழப்பீடுன்னு வந்துட்டா அந்த மூணுதான் தொகையைத் தீர்மானிக்குது.

முதல்ல, தலைக்காயம்னா என்ன?

கை உடைஞ்சா எக்ஸ்ரேயில தெரியும். மூளைக்காயம் அப்படி இல்ல. மண்டை ஓட்டுல கீறல் இல்லாமலே, வேகமா போன தலை சட்டுனு நின்னதுல உள்ளே மூளை குலுங்கி, நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்து போகலாம். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் நல்லா காட்டும். இந்த நுண்ணிய இழைச் சேதம் அதுல தெரியாமப் போகலாம். எம்.ஆர்.ஐ.யில சில சமயம் தெரியும், சில சமயம் அதுலயும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன உடனே டாக்டர்கள் ஜி.சி.எஸ்.னு ஒரு ஸ்கோர் எழுதுவாங்க. கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 1974-ல ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோ நகரத்துல உருவான அளவுகோல். கண் திறக்கிறாரா, பேசுறாரா, கை கால் அசைக்கிறாரான்னு பார்த்து 3-லேர்ந்து 15 வரைக்கும் மார்க். 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 8 அல்லது அதுக்குக் கீழே வந்துட்டா தீவிரம்.

இதுல 'லேசான'ங்கிற வார்த்தையை நம்பி ஏமாந்துடாதீங்க. அது விபத்து நடந்த நேரத்துல அவர் எப்படி இருந்தார்ங்கிறதுக்கான மார்க். ஆறு மாசம் கழிச்சு வேலை செய்ய முடியுமான்னு அது சொல்லாது. லேசான காயம்னு வீட்டுக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சரியாகிடுவாங்க. சிலருக்கு மட்டும் மறதி, தலைவலி, கவனச் சிதறல், வாசனை தெரியாமப் போறது, தூக்கக் கேடு, திடீர்க் கோபம்னு நீடிக்கும். நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதி அடிபட்டா ஆளோட குணமே மாறலாம். வீட்ல "கொழுப்பு ஏறிடுச்சு"ன்னு திட்டுவாங்க. அது கொழுப்பு இல்ல, காயம்.

இன்னொரு எச்சரிக்கை. அடிபட்டு எழுந்து நல்லா பேசிட்டு இருந்தவர் சில மணி நேரத்துல மயங்கலாம். உள்ளே ரத்தம் கட்டுறதால அப்படி ஆகும். வாந்தி, தூக்கக் கலக்கம், குழறல் இருந்தா "காலையில பாத்துக்கலாம்"னு படுக்காதீங்க. உடனே 108-க்கு கூப்பிடுங்க.

செலவை நினைச்சும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல மேல்மருவத்தூர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, தமிழ்நாட்டுல விபத்துல சிக்கின யாருக்கும், அவங்க எந்த ஊரா இருந்தாலும், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் இதுல அடக்கம். இது போக, 2025 மே மாசம் மத்திய அரசு அறிவிச்ச திட்டத்துல 7 நாள் வரைக்கும் 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லா சிகிச்சை உண்டு.

இப்ப கணக்குக்கு வருவோம்

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல, நம்ம ஊர் பேச்சுல எம்.சி.ஓ.பி. கேஸ்ல, நிரந்தர ஊனத்தால வர்ற வருமான இழப்பை இப்படிக் கணக்குப் போடுவாங்க:

(மாத வருமானம் + எதிர்கால வளர்ச்சி) × 12 × வயசுக்கான பெருக்கல் எண் × வேலைத்திறன் இழப்பு சதவீதம்

பெருக்கல் எண்ணை 2009-ல வந்த சரளா வர்மா தீர்ப்புல உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்திச்சு. 15 முதல் 25 வயசு வரை 18. 26-30 வயசுக்கு 17. 31-35-க்கு 16. இப்படியே குறைஞ்சுட்டே போகும். எதிர்கால வளர்ச்சியை 2017-ல பிரணய் சேத்தி தீர்ப்பு நிர்ணயிச்சது. 40 வயசுக்குக் கீழே நிரந்தர வேலையில இருந்தா 50 சதவீதம் சேர்க்கணும், சுயதொழில் அல்லது நிலையான சம்பளம்னா 40 சதவீதம். காயம்பட்டு உயிரோட இருக்கிறவங்களுக்கும் இந்த வளர்ச்சியைச் சேர்க்கணும்னு 2020-ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு.

நம்ம தம்பிக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 30,000 + 50% = 45,000
வருஷத்துக்கு 5,40,000
× 17 = 91,80,000

இது வேலைத்திறன் முழுசா போனா வர்ற தொகை. இப்போ சதவீதத்தை மட்டும் மாத்திப் பாருங்க.

10% இழப்பு: 9,18,000
30% இழப்பு: 27,54,000
50% இழப்பு: 45,90,000

10-க்கும் 30-க்கும் நடுவுல 18,36,000 ரூபாய் வித்தியாசம். வேற எதுவும் மாறல. ஒரே ஒரு எண் மட்டும்தான் மாறியிருக்கு.

வலி, வேதனை, மருத்துவச் செலவு, உதவியாளர் செலவு எல்லாம் இதுக்கு மேல தனி.

இதுல இன்னொரு குழி இருக்கு. வேலைத்திறன் நிரந்தரமா குறைஞ்சதுன்னு நிரூபிக்கலைன்னா, நம்ம தமிழ்நாட்டுல பெருக்கல் முறைக்கே போக மாட்டாங்க. 'சதவீத முறை'ன்னு ஒண்ணு இருக்கு. ஒரு சதவீத ஊனத்துக்கு சில ஆயிரம்னு மொத்தமா கொடுத்து முடிச்சுடுவாங்க. தம்பிக்கு வந்த 1.75 லட்சம் அந்த மாதிரி ஒரு கணக்குலதான் வந்திருக்கணும். கேஸ் கட்டுல இருந்தது அஞ்சு நாள் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆஸ்பத்திரி பில்லும் மட்டும்தான். அதைப் பார்த்தா யாருக்குமே அவ்வளவுதான் தோணும்.

உடல் ஊனம் வேற, வேலைத்திறன் இழப்பு வேற

இதைப் புரிஞ்சுக்கிறதுக்கு 2010-ல வந்த ராஜ் குமார் தீர்ப்பு ரொம்ப முக்கியம். உச்ச நீதிமன்றமே ஒரு உதாரணம் சொல்லுது. இடது கையை இழந்தவர் டிரைவராவோ தச்சராவோ இருந்தா அவரோட வருமானத் திறன் கிட்டத்தட்ட முழுசா போச்சு. அதே கையை இழந்தவர் அரசு அலுவலக கிளார்க்கா இருந்து அதே வேலையில தொடர்ந்தா, வருமான இழப்பு அந்த அளவுக்கு இல்ல. ஒரே ஊனம்தான், ஆனா தொழிலைப் பொறுத்து இழப்பு மாறுது.

இதையே திருப்பிப் போடுங்க. உங்க தொழில்ல எதை வெச்சு சம்பாதிக்கிறீங்க? அக்கவுன்ட்ஸ், கோடிங், டிசைன், கஸ்டமர் சப்போர்ட், எதுவா இருந்தாலும் கவனம், ஞாபகம், பொறுமை, முடிவெடுக்கிற திறன். நமக்கு அதுதான் கை. அது போனா டிரைவருக்குக் கை போன மாதிரி. ஆனா வெளியில பார்க்கிறவங்களுக்கு நாம நல்லாத்தான் தெரிவோம். நீதிபதி முன்னாடி நேர்ல நின்னாலும் நல்லாத்தான் தெரிவோம். அதனால அதைப் பேப்பர்தான் பேசணும்.

ஹரியானாவுல 2007-ல நடந்த ஒரு விபத்து. 12 வயசுச் சிறுமிக்குத் தலையில பலமான அடி. சண்டிகர்ல இருக்கிற பி.ஜி.ஐ. மருத்துவமனையில அவளோட அறிவுத்திறனைச் சோதிச்சு, சமூக வயசு 9 மாசக் குழந்தையோட அளவுலதான் இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் அதை 25 லட்சத்துக்கு மேல உயர்த்துச்சு. 2020 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் 62,27,000 ரூபாயா ஆக்குச்சு. அதுல 21,60,000 ரூபாய், வாழ்நாள் முழுக்க அவளைப் பார்த்துக்க ஆள் வைக்கிற செலவுக்கு மட்டும். மாசம் 10,000 × 12 × 18. உதவியாளர் செலவுக்கும் பெருக்கல் எண்ணைப் போடணும்னு அந்தத் தீர்ப்பு சொல்லுச்சு.

வேலைக்கே போகாத குழந்தை. அவளோட நிலைமையை எண்ணா மாத்தினது அந்த மருத்துவமனையோட சோதனை அறிக்கை.

அப்போ நாம என்னென்ன சேர்த்து வைக்கணும்?

1. ஏ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரியில முதல்ல பதியுற விபத்துப் பதிவேட்டு நகல். எப்படி அடிபட்டது, மயக்கம் இருந்துதா, ஜி.சி.எஸ். எவ்வளவுன்னு எல்லாம் இதுல இருக்கும். பதட்டத்துலயோ, போலீஸ் கேஸுக்குப் பயந்தோ "தானா விழுந்துட்டாருங்க"ன்னு சொல்லிடாதீங்க. அந்த ஒரு வரியை வெச்சே இன்சூரன்ஸ் கம்பெனி பின்னாடி வாதாடும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

2. எஃப்.ஐ.ஆரும் விபத்து அறிக்கையும். 2022 ஏப்ரல் 1-லேர்ந்து வந்த விதிப்படி, போலீஸ் 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கையையும் 90 நாள்ல விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கணும். கொடுத்துட்டாங்களான்னு ஸ்டேஷன்ல கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

3. நரம்பியல்-உளவியல் மதிப்பீடு. ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம், முடிவெடுக்கிறது எல்லாத்தையும் சோதிச்சு எண்ணா எழுதித் தர்ற அறிக்கை. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதுக்குன்னே ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியிருக்கு. கோவையிலயும் நியூரோ டாக்டர்கிட்ட கேட்டா, இதைச் செய்யுற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புவாங்க. தம்பியோட கட்டுல இல்லாம இருந்த பேப்பர் இதுதான்.

4. விபத்துக்கு முன், விபத்துக்குப் பின். முன்னாடி இருந்த அப்ரைசல், இன்க்ரிமென்ட் கடிதம். பின்னாடி வந்த எச்சரிக்கை மெயில், மாத்தின வேலை, சம்பளமில்லா விடுப்பு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா கதை தானா தெரியும். கூட வேலை பார்க்கிற ஒருத்தர் வந்து சாட்சி சொன்னா இன்னும் நல்லது.

5. வீட்டு டைரி. 40 பக்க நோட்டு போதும். தேதி போட்டு ரெண்டு வரி. "இன்னைக்கு கேஸ் அடுப்பை அணைக்க மறந்துட்டான்." "தங்கச்சி பேரைச் சொல்லத் தடுமாறினான்." பாதிக்கப்பட்டவர் இல்ல, வீட்ல இருக்கிற ஒருத்தர் எழுதணும். தனக்கு என்ன குறைஞ்சிருக்குன்னு தனக்கே தெரியாம இருக்கிறதும் இந்தக் காயத்தோட ஒரு அடையாளம்.

6. வருமான ஆதாரம். இது என் ஏரியா, கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். பே ஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், ஐ.டி.ஆர். "டேக்ஸே வரல, எதுக்கு ரிட்டர்ன்?"னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில். பாதிச் சம்பளம் பேங்க்ல, பாதி கையில ரொக்கமா வாங்குறீங்கன்னு வைங்க. 30,000-க்குப் பதிலா 15,000 மட்டும்தான் நிரூபிக்க முடியும். அதே 30 சதவீத இழப்புக்கு 27,54,000 வர்ற இடத்துல 13,77,000தான் வரும். விபத்துக்கு அப்புறம் அவசரமா போட்ட ரிட்டர்னை யாரும் சுலபமா நம்ப மாட்டாங்க. முன்னாடியே போட்டு வைங்க.

காலக்கெடு: ஆறு மாசம்

2022 ஏப்ரல் 1-லேர்ந்து, விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள இழப்பீட்டு மனு போடணும்னு சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கு. அதை நம்பி நீங்க தாமதிக்காதீங்க. "குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு நினைக்கிறவங்கதான் இதுல மாட்டுறாங்க. மனுவை முதல்ல போடுங்க. ஊனச் சான்றும் மதிப்பீடும் சிகிச்சை ஒரு நிலைக்கு வந்த பிறகு, சாட்சி விசாரணை நேரத்துல சேர்க்கலாம்.

விபத்து பெங்களூர்ல நடந்தாலும், நீங்க குடியிருக்கிற ஊர்ல, அதாவது கோவையிலயே கேஸ் போடலாம். இடிச்ச வண்டி எதுன்னே தெரியாமப் போனா, பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம்னு தனித் திட்டம் இருக்கு.

லோக் அதாலத் பத்தி ஒரு வார்த்தை. வருஷக்கணக்கா இழுக்கிற கேஸுக்கு அது நல்ல வழிதான். ஆனா அங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சது, அப்பீல் கிடையாது. மூளைக்காயத்துல மதிப்பீடு வாங்காம அங்க உக்காராதீங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்தும் போடாதீங்க. வர்ற தொகையில இத்தனை சதவீதம்னு வக்கீல் ஃபீஸ் பேசுறதை பார் கவுன்சில் விதியே அனுமதிக்கல.

வேலையை விடாதீங்க, குறைஞ்சபட்சம் அவசரப்பட்டு

தம்பி ராஜினாமா கடிதத்துல "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு டைப் பண்ணி வெச்சிருந்தார். அதைக் கொடுத்திருந்தா, "அவரா விட்டார், எங்க விபத்தால இல்ல"ன்னு எதிர்த்தரப்பு சொல்லும். விட்டுத்தான் ஆகணும்னா காரணத்தை டாக்டர் சான்றோட எழுதுங்க. அதுக்கு முன்னாடி லேசான வேலைக்கு மாத்தச் சொல்லி எழுத்துல கேளுங்க. அரசு வேலையா இருந்தா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, வேலைக்காலத்துல ஊனமானவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. இ.எஸ்.ஐ. இருக்கிறவங்க, வேலைக்குப் போற வர்ற வழியில நடந்த விபத்தும் வேலை விபத்தாவே கருதப்படலாம்ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தப்பு நம்ம பேர்ல இருந்தா?

நாய் குறுக்கே வந்தது, குழியில விழுந்தோம், நாமளே சறுக்கினோம். இழப்பீடு கேட்க எதிர்ல வண்டியே இல்ல. உங்க தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உங்களுக்குத் தராது, மத்தவங்களுக்குத்தான் தரும். உங்களுக்குன்னு இருக்கிறது பைக் பாலிசியோட வர்ற 15 லட்சம் கட்டாய விபத்துக் காப்பீடு மட்டும். அதுவும் உயிரிழப்பு, நிரந்தர ஊனத்துக்குத்தான். டெர்ம் இன்சூரன்ஸ் உயிரோட இருக்கிறவருக்கு உதவாது. அதனால ஊனம், தற்காலிக வருமான இழப்பு ரெண்டையும் சேர்த்த தனிநபர் விபத்து பாலிசி ஒண்ணு எடுத்து வைங்க. பைக்குக்கு பேக்கேஜ் பாலிசி போடுங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்காக. ஹெல்மெட் இல்லாம தலையில அடிபட்டா, இழப்பீட்டுல ஒரு பங்கைக் கழிக்கிறதும் உண்டு.

பணம் வந்த பிறகு

காயத்துக்கான இழப்பீட்டுத் தொகைக்கு வருமான வரி கிடையாது. அதோட வர்ற வட்டிக்கான விதி மாறிட்டே இருக்கு. வாங்குற வருஷத்துல ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, முடிவெடுக்கிற திறன் குறைஞ்ச ஒருத்தர் கையில மொத்தமா பணம் இருந்தா ஆபத்து. கூட்டுக் கணக்கு, யு.பி.ஐ.க்குக் குறைஞ்ச வரம்பு, மாச வட்டி வர்ற டெபாசிட் இந்த மூணையும் முதல் நாளே செஞ்சுடுங்க. இதை அவமானமா நினைக்கக் கூடாது. உடைஞ்ச கைக்கு மாவுக்கட்டு போடுற மாதிரிதான் இதுவும்.

தம்பி அன்னைக்கு ராஜினாமாவைக் கொடுக்கல. லோக் அதாலத்துல கையெழுத்தும் போடல. மதிப்பீட்டுக்குப் போனார், ஞாபகமும் கவனமும் அவரோட வயசுக்கு இருக்க வேண்டியதை விட ரொம்பக் குறைவுன்னு அறிக்கை வந்துச்சு. இப்ப மெடிக்கல் போர்டு முன்னாடி இருக்கு. எவ்வளவு வரும், எப்ப வரும்னு எனக்குத் தெரியாது.

ஆனா அந்த அறிக்கையை வாங்கிட்டு வந்த அன்னைக்கு அம்மா போன் பண்ணாங்க. பணத்தைப் பத்திப் பேசல. "வேணும்னே பண்றான்னு நினைச்சு எத்தனை நாள் திட்டியிருப்பேன் தம்பி"ன்னாங்க.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க பைக் பாலிசி, மூணு வருஷ ஐ.டி.ஆர்., கடைசி அப்ரைசல் மூணையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, அது எங்க இருக்குன்னு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க. அடிபட்ட அன்னைக்கு அதைத் தேடப் போறது நீங்க இல்ல.

பெருக்கல் எண் கணக்கை நம்ம சேனல்ல ஸ்டெப் பை ஸ்டெப்பா போட்டுக் காட்டுறேன். அதுவரைக்கும் ஹெல்மெட்டோட பக்கிளையும் மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டுங்க.